பரணிலிருந்து இறங்கிய பெட்டி

திருநெல்வேலி டவுணில் பலமாக மழை பெய்தால் ஊரார் முதலில் விசாரிப்பது, "குறுக்குத்துறை முருகன் கோயில் முழுகிவிட்டதா?" என்பதைத்தான். ஆற்றுக்குள்ளேயே பாறைமேல் அமர்ந்திருக்கும் அந்தக் கோயில், தாமிரபரணியில் வெள்ளம் வரும்போதெல்லாம் தண்ணீருக்குள் மறைந்து, வெள்ளம் வடிந்ததும் ஒன்றுமே நடவாதது போல் தலை நிமிர்ந்து நிற்கும். ஊருக்கு அது ஓர் அளவுகோல். ஆனால் 2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 17, 18 தேதிகளில் அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை. கேட்க வேண்டியவர்களில் பலருடைய வீட்டுக்குள்ளேயே ஆறு வந்துவிட்டது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது என்றால், அந்த இரண்டு நாட்களை நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

நமது வீடு சற்றுத் தாழ்வான இடத்தில் இருப்பது. அரிசி மூட்டையையும், குழந்தைகளின் பாட புஸ்தகங்களையும், கிரைண்டரையும் மாடிக்கு ஏற்றினோம். இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டை மட்டும் மறந்துவிட்டோம். அங்கேதான் நமது காமிரா இருந்தது. பல வருஷங்கள் சிட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய டிஜிட்டல் காமிரா. அதற்கு நீண்ட மூக்குடைய ஒரு டெலிபோட்டோ லென்ஸ். கூந்தன்குளத்து நாரைகளைக் கண்ணுக்கு அருகே கொண்டுவந்து நிறுத்தும் லென்ஸ் அது. தண்ணீர் வடிந்த பிறகு பையைத் திறந்தபோது உள்ளே தாமிரபரணியின் வண்டல் அரை ஆழாக்கு இருந்தது.

பழுது பார்க்கிறவரிடம் எடுத்துச் சென்றோம். அவர் நல்ல மனிதர். காமிராவை ஒரு முறை ஆட்டினார். காதருகே வைத்துக் கேட்டார். பிறகு வைத்தியர் உறவினரைப் பார்ப்பது போல் நம்மைப் பார்த்தார். "இதைச் செப்பனிடுகிற செலவுக்கு இன்னொன்று வாங்கிவிடலாம், ஸார்" என்றார். இன்னொன்று வாங்கப் பணம் ஏது? சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும், கட்டில் மெத்தை போயிற்று, மோட்டார் போயிற்று. அன்றைக்கே நமது வீட்டு எஜமானியிடம், "இனிமேல் போட்டோ பிடிப்பதில்லை" என்று பிரகடனம் செய்தோம். அவர் மோட்டாருக்கு ஆள் வந்தாயிற்றா என்று கேட்டார்.

இந்த நிலையில்தான் பக்கத்து வீட்டு ஆச்சி ஒரு பிளாஸ்டிக் வாளியுடன் வந்து சேர்ந்தார். வாளியில் அவருடைய கலியாண ஆல்பம் கிடந்தது. படங்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரு செங்கல்லைப் போல் ஆகியிருந்தன. சிலவற்றை ஆச்சி மொட்டை மாடி வெயிலில் காய வைத்திருந்தார். அவை அப்பளம் போல் சுருண்டு வெடித்துப் போயிருந்தன.

"ஏய்யா, நீ படம் புடிக்கிறவந்தானே? இதைக் கொஞ்சம் பிரிச்சுக் குடு. அவுக படம் இதுல ஒண்ணுதான் இருக்கு" என்றார்.

படம் பிடிக்கிறவனுக்கும் படத்தைப் பிரிக்கிறவனுக்கும் சம்பந்தம் இல்லை என்று ஆச்சியிடம் எப்படிச் சொல்வது? விசாரித்தும் படித்தும் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டோம். நேயர்களுக்கும் உபயோகப்படலாம் என்பதால் இங்கே சொல்கிறோம்.

பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவம் காகிதத்தின்மேல் நேராகப் பதிந்திருப்பதில்லை. காகிதத்தின்மேல் பூசிய ஜெலட்டின் என்னும் பசைப் படலத்துக்குள் வெள்ளித் துகள்களாக அது இருக்கிறது. தண்ணீர் பட்டால் அந்தப் படலம் உப்பும். இரண்டு படங்கள் சேர்ந்திருந்து காய்ந்தால் ஒன்றாகிவிடும். வெள்ளத்துச் சேற்றில் உள்ள நுண்ணுயிர்களுக்கோ ஜெலட்டின் நல்ல ஆகாரம். ஆகவே நனைந்த படங்களைக் குவியலாகக் காயவிடக் கூடாது. குளிர்ந்த நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, தாமாகப் பிரிகிற வரையில் பொறுத்திருந்து பிரித்து, படம் மேலே தெரியும்படி நிழலில் பரப்ப வேண்டும். வெயில் ஆகாது, உருவத்தின்மேல் விரல் படுவதும் ஆகாது. அன்றைக்கே எல்லாவற்றையும் பார்க்க முடியாவிட்டால், நடுவே மெழுகுத் தாள் வைத்து, உறையில் போட்டு ஐஸ் பெட்டியின் உறைபனி அறையில் வைத்துவிடலாம். சாவகாசமாக எடுத்துச் செய்யலாம். வீட்டு மிஷினில் மசி கொண்டு அச்சிட்ட இந்தக் காலத்து வர்ணப் படங்கள் பெரும்பாலும் இவ்வளவு தாங்குவதில்லை. தண்ணீரைக் கண்டதும் வர்ணம் கரைந்து ஓடிவிடுகிறது. தாத்தா காலத்துப் படத்துக்கே ஆயுசு கெட்டி.

ஜப்பானில் 2011-ஆம் வருஷம் சுனாமி வந்தபோது, இடிபாடுகளிடையே கிடைத்த குடும்பப் படங்களைத் தொண்டர்கள் இப்படித்தான் ஒவ்வொன்றாக அலசிக் காயவைத்தார்கள். லட்சக்கணக்கான படங்கள்! வீடும் வாசலும் போனவர்கள் அந்தப் படங்களைத் தேடிக்கொண்டு வந்தார்களாம். சோறும் கூரையும் கிடைத்த பிறகு மனிதர் தேடுகிற முதல் பொருள் அதுவாக இருக்கிறது போலும்.

ஆச்சியின் ஆல்பத்துக்கு நான்கு நாட்கள் பிடித்தன. பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு, படங்களை மிதக்கவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே வேலையாயிற்று. அவருடைய கணவரின் படம் கடைசியில் வந்தது. ரத வீதி ஸ்டூடியோ ஒன்றில், வர்ணம் தீட்டிய திரைக்கு முன் நின்று எடுத்துக்கொண்ட படம். தோள் வந்தது, மடிப்பு அங்கவஸ்திரம் வந்தது, குடையைப் பிடித்த கை வந்தது. முகத்தில் பாதி, எதிர்ப் பக்கத்துப் படத்தோடு போய்விட்டது.

நமக்குப் பேச வாய் எழவில்லை. ஆச்சி படத்தை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"மொகம் பாதி போயிட்டு" என்றார். பிறகு, "ஆனா நிக்கிற நிலையைப் பாரு, ஏய்யா. அவுக நிலைதான். கொடையை அப்படித்தான் புடிப்பாக" என்றார்.

அந்த வார்த்தை நமது மனத்தில் தைத்தது. ஏனென்றால், வெள்ளத்தின்மேல் பழி போட்டு நாம் மறைத்து வைத்திருந்த ஓர் உண்மை அப்போதுதான் வெளியே வந்தது. நமது காமிராவைத் தண்ணீர் கொண்டுபோனது டிசம்பரில். ஆனால் நமது உற்சாகம் அதற்கு இரண்டு வருஷம் முன்பே வற்றிப் போயிருந்தது. கூந்தன்குளத்துக்குப் போனால் ஒரு காலைப் பொழுதில் தொள்ளாயிரம் படம் பிடிப்போம். அத்தனையும் கொக்கின் கண், நாரையின் மூக்கு, கூழைக்கடாவின் தாடை. வீட்டுக்கு வந்து அவற்றைத் திரும்பப் பார்த்ததே கிடையாது. பறவை எங்கே நின்றது, எப்படி நின்றது, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்போம். முகங்களை நாம் ஏராளமாகச் சேர்த்திருந்தோம். நிலை ஒன்றுகூட நம்மிடம் இல்லை.

படங்கள் காய்கிற வரையில் சும்மா இருக்க முடியாமல் புஸ்தகங்களைப் புரட்டியபோதுதான் ஸ்ரீ மா. கிருஷ்ணனின் சரித்திரம் நம் கைக்கு வந்தது. இந்தியாவில் காட்டு விலங்குகளைப் படம் பிடித்தவர்களின் வரிசையில் முன்னால் நிற்பவர் அவர். அவர் பிறந்த ஊர் திருநெல்வேலி. தேதி 1912-ஆம் வருஷம் ஜூன் 30. நமது ஊரில் பிறந்தவர் என்பதை இத்தனை வயது வரையில் அறியாமலிருந்தோம் என்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

தந்தையார் பெயரைச் சொன்னால் தமிழ் படித்த குடும்பங்களுக்கு உடனே தெரியும். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய பெருங்குளம் அ. மாதவையாதான் அவர். சர்க்கார் உத்தியோகத்தை விட்டு விலகி, அச்சுக்கூடம் வைத்து, 'பஞ்சாமிர்தம்' பத்திரிகை நடத்தி வந்த மாதவையா, 1925-ஆம் வருஷம் அக்டோபர் 22-ஆம் தேதி சென்னை ஸெனட் மண்டபத்தில், பல்கலைக் கழகத்தில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று பேசி முடித்து உட்கார்ந்தவர், அப்படியே உயிர் நீத்தார். எட்டுக் குழந்தைகளில் கடைசிப் பிள்ளையான கிருஷ்ணனுக்கு அப்போது வயது பதின்மூன்று.

அண்ணன் அனந்தநாராயணன் பின்னாளில் சென்னை ஹைக்கோர்ட்டின் தலைமை நீதிபதியானார். தம்பியின் பாதை அவ்வளவு ஒழுங்காக அமையவில்லை. தாவர சாஸ்திரம் படித்தார், சட்டமும் படித்தார். நிலையான உத்தியோகம் வாய்க்கவில்லை. சித்திரம் வரைந்தும் கட்டுரை எழுதியும் சில்லறை சம்பாதித்தார். 1942-ல் ஸண்டூர் என்ற சிறிய சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. உபாத்தியாயர், நியாயாதிபதி, விளம்பர அதிகாரி என்று அங்கே பல வேஷங்கள் போட்டார். 1949-ல் சமஸ்தானம் இந்திய யூனியனோடு சேர்ந்தது. ஊருக்கு நன்மை, கிருஷ்ணனுக்கோ வேலை போயிற்று. நாற்பதை நெருங்குகிற வயதில், பேனாவையும் காமிராவையும் நம்பிச் சென்னைக்குத் திரும்பினார்.

அந்தக் காமிரா எப்படிப்பட்டது தெரியுமா? அஸ்ஸாமில் இருந்த ஈ. பி. ஜீ என்ற இயற்கை ஆராய்ச்சியாளர் அதைப் பார்த்துவிட்டு வேடிக்கையாக எழுதி வைத்திருக்கிறார். உடல் ஒரு கம்பெனியுடையது. டெலிபோட்டோ லென்ஸ் வேறொரு கம்பெனியுடையது. மற்ற உறுப்புகள் எங்கெங்கிருந்தோ வந்தவை. எல்லாவற்றையும் கிருஷ்ணனே பொருத்திக் கட்டியிருந்தார். எங்காவது ஒரு கம்பியோ வளையமோ கட்டாயம் இருந்திருக்க வேண்டும் என்று ஜீ சந்தேகப்படுகிறார். கிருஷ்ணன் அதற்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று பட்டப் பெயர் சூட்டியிருந்தார். பெயரிலேயே பளு தெரிகிறதல்லவா? பரிகாசம் செய்த அதே ஜீ, அந்த விசித்திர யந்திரத்திலிருந்து வந்த படங்கள் மிக உயர்ந்தவை என்பதையும் மறைக்கவில்லை.

இந்தப் பளுவைச் சுமந்துகொண்டு கால்நடையாகவும், யானைமேல் அமர்ந்தும் கிருஷ்ணன் காடுகளில் சுற்றினார். பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே பிடித்தார். அவருடைய படங்களில் யானை தனியாக முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பதில்லை. அது தண்ணீர் குடிக்கிறது. கன்றை ஒதுக்கி நடத்துகிறது. மரமும் புல்லும் மேடும் பள்ளமும் அதைச் சுற்றி இருக்கின்றன. என்ன விலங்கு என்பதோடு நில்லாமல், அது எப்படி வாழ்கிறது என்பதையும் அந்தப் படங்கள் சொல்கின்றன. 1959 முதல் 1970 வரையில் இந்தியத் தீபகற்பத்தின் பெரிய விலங்குகளைப் பற்றி அவர் செய்த ஆராய்ச்சியைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் 1975-ல் புஸ்தகமாக வெளியிட்டது. 1960-ல் பத்மஸ்ரீ விருது வந்தது. கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950-ல் ஆரம்பித்த பத்தியை, 1996-ஆம் வருஷம் பிப்ரவரி 18-ஆம் தேதி காலமாகும் வரையில், நாற்பத்தாறு வருஷம் நிறுத்தாமல் எழுதினார்.

நல்ல யந்திரம் வேண்டாம் என்று இதிலிருந்து நாம் முடிவு கட்டவில்லை. கிருஷ்ணனும் டெலிபோட்டோ லென்ஸ் வைத்திருந்தவர்தாம். ஆகவே குற்றம் லென்ஸின் மூக்கில் இல்லை; அதன் பின்னால் இருந்த நமது கண்ணில்தான். அவர் பார்த்து முடித்த பிறகு பிடித்தார். நாம் பிடித்துவிட்டதால் பார்க்காமலே வந்துவிட்டோம்.

அயல்நாட்டிலும் இதற்குச் சாட்சி உண்டு. செக் நாட்டு யோசெப் சூடெக் முதல் உலக யுத்தத்தில் வலது கையை இழந்தவர். புத்தகம் கட்டும் தொழில் கற்றவருக்கு அந்தத் தொழில் போயிற்று, போட்டோவுக்கு வந்தார். ஒற்றைக் கையால் கனத்த காமிராவைத் தூக்கிப் பிராக் நகரமெங்கும் அலைந்தார். ஹிட்லரின் படை ஊரைப் பிடித்துக்கொண்டு, வெளியே காமிராவுடன் நடமாடுவது கஷ்டமானபோது, 1940 முதல் தம்முடைய ஸ்டூடியோ ஜன்னலையே படம் பிடிக்கத் தொடங்கினார். கண்ணாடியில் படிந்த பனி, அதற்கு அப்பால் ஒரு கோணல் மரம், ஜன்னல் விளிம்பில் ஒரு தம்ளர்: இவ்வளவுதான் விஷயம். சுமார் பதினான்கு வருஷம் அந்த ஒரு ஜன்னல் அவருக்குப் போதுமாக இருந்தது.

இதையெல்லாம் படித்த பிறகு நமது சன்னியாசம் ஆட்டம் காண ஆரம்பித்தது. அப்போது நினைவுக்கு வந்தது பரண். வெள்ளம் எட்டாத அந்த இடத்தில், வெண்கலப் பானைக்குள், மஞ்சள் பையில் சுற்றி, நமது தகப்பனார் வைத்துப் போன 'ஆக்பா கிளிக் III' பெட்டிக் காமிரா இருந்தது. நம் நாட்டிலேயே, பரோடாவில் தயாரானது. ஒரு காலத்தில் மத்தியதரக் குடும்பங்களில் இதைக் காணாத வீடு அபூர்வம். இதில் சரிசெய்ய அதிகம் ஒன்றும் இல்லை. கிட்டப் போனால் படம் மங்கும். ஓடுகிற பொருள் கலங்கும். இருட்டினால் ஒன்றுமே விழாது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம். ஆனால் ஒவ்வொரு படமும் ஏறக்குறைய இரண்டேகால் அங்குலச் சதுரம். பிற்காலத்தில் பரவலான 35 மில்லிமீட்டர் சுருளின் படத்தைப்போல் மூன்றரை மடங்குக்கு மேல் விஸ்தீரணம். ஆகையால் எளிய லென்ஸாக இருந்தாலும், சிறிய அளவில் அச்சிட்டால் படம் கண்ணுக்கு இனிமையாகவே இருக்கும்.

சுருளைத் தபாலில் தருவித்துக்கொண்டு, ஒரு நாள் விடியற்காலம் நயினார்குளத்துக் கரைக்குப் போனோம். டவுண்வாசிகளுக்கு அந்த இடத்தைச் சொல்ல வேண்டியதில்லை. கரையில் காய்கறி மொத்த மார்க்கெட். லாரிகளும், மூட்டைகளும், முட்டைக்கோஸ் இலைகளும். குளத்தில் நீர்க்காகம், நாரை, மடையான். தாமிரபரணிப் பிரதேசத்துக் குளங்களில் 2011 முதல் வருஷந்தோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அதற்காகத் தொண்டர்கள் தூரதர்சினியுடன் இந்தக் கரைகளில் நிற்பதைப் பார்த்திருக்கலாம்.

முதல் நாள் பெட்டியின் வழியே பார்த்தால், பறவையெல்லாம் எள்ளு, குளமெல்லாம் வானம். பழைய வழக்கப்படி கோபம் வந்தது. கிட்டப் போக முடியாது. பறப்பதைப் பிடிக்க முடியாது. அப்படியானால் எதைத்தான் பிடிக்கலாம்? அசையாமல் நிற்பதைப் பிடிக்கலாம். தூரத்திலிருந்து அதைச் சுற்றியிருப்பதோடு சேர்த்துப் பிடிக்கலாம். அசையாமல் நிற்கிற பறவை எது? மடையான்! மனிதர் நடமாடும் கரையிலும் அது கல்லாய்ச் சமைந்து மீனுக்குக் காத்திருக்கும். அன்றைக்கு ஒரே ஒரு படம் எடுத்தோம். மறுநாள் மூன்று. மூன்றாம் நாள், மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் அடுத்த லாரிக்காகக் கரையில் குந்தியிருந்தார். அவருக்குப் பத்தடி தள்ளி ஒரு மடையான். இருவரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு, ஒரே மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். அவரிடம் சைகையால் அனுமதி கேட்டோம், தலையை அசைத்தார், மடையான் அதுவும் செய்யவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு விசையை அழுத்தினோம்.

சுருளைக் கழுவுவது அடுத்த சங்கடம். டவுணில் நாம் விசாரித்த ஸ்டூடியோக்களில் அந்த வேலையை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். ஆகவே குளியலறையே இருட்டறையாயிற்று, ஜன்னலுக்குக் கம்பளி, கதவிடுக்குக்குப் பழந்துணி. கழுவும் மருந்துக்கு 20 டிகிரிக் குளிர்ச்சி உத்தமம். நமது ஊர்க் குழாயிலோ வெந்நீருக்குத் தம்பி வருகிறான். சூடு மிகுந்தால் ஜெலட்டின் இளகிவிடும் என்பது ஆச்சியின் ஆல்பம் புகட்டிய பாடம். மருந்துப் பாத்திரத்தைச் சுற்றி ஐஸ் கட்டி போட்டுக் குளிரவைத்தோம். "குளிக்கப் போனவர் ஐஸ் கேட்கிறாரே!" என்று வெளியே குழந்தைகள் சிரித்தார்கள்.

பன்னிரண்டில் இரண்டு, பெட்டியின் பின்கதவு வழியே வெளிச்சம் புகுந்து கருகிவிட்டன. ஐந்து, நமது கை நடுங்கியதால் போயின. ஐந்து தேறின. பெரிதாக்கும் யந்திரம் நம்மிடம் இல்லை. நெகடிவைப் போட்டோக் காகிதத்தின்மேல் வைத்து, கண்ணாடியால் அழுத்தி, அதே அளவில் அச்சிட்டோம். பிஸ்கோத்து அளவுக்கு ஒரு சதுரம். அதற்குள் ஒரு குளம், ஒரு மூட்டை, ஒரு மனிதர், ஒரு மடையான். தொள்ளாயிரம் படங்களில் காணாத சந்தோஷம் அந்தச் சதுரத்துக்குள் இருந்தது.

அதைக் கொண்டுபோய் ஆச்சியிடம் காட்டினோம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "ரெண்டு பேரும் பசியோட இருக்காக" என்றார். இதைவிட நல்ல மதிப்புரை நமக்கு இதுவரை கிடைத்ததில்லை. பிறகு சற்றுத் தயங்கி, "என்னை ஒண்ணு எடுப்பியா, ஏய்யா? மொகத்தை மாத்திரம் பெரிசா எடுத்துராதே. திண்ணையில வச்சு எடு" என்றார்.

அப்படியே எடுத்தோம். திண்ணையின் ஒரு ஓரத்தில் ஆச்சி. மற்றொரு ஓரம் காலி. அங்கேதான் அவருடைய கணவர் சாயங்காலங்களில் உட்காருவார் என்பது தெருவுக்கே தெரியும். சுவரில், வெள்ளம் ஏறிய உயரத்தைக் காட்டும் சேற்றுக் கோடு அப்போதும் அழியாமல் இருந்தது. அதையும் விடவில்லை. படத்தைக் கொடுத்தபோது ஆச்சி அதைத் திருப்பி, "பின்னாலே பேரையும் தேதியையும் எழுது. பொறவு யாருன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். பென்ஸிலால் எழுதிக் கொடுத்தோம்.

நேயர்களுக்கு நமது விண்ணப்பமும் அவ்வளவே. உங்கள் வீட்டுப் படங்களைக் கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டுக்கு மாற்றுங்கள். பின்புறம் பெயரையும் வருஷத்தையும் பென்ஸிலால் எழுதுங்கள். அப்படியே கையோடு பரணையும் ஒரு முறை எட்டிப் பாருங்கள். அங்கே ஒரு பெட்டி இருந்தாலும் இருக்கும். இல்லாவிட்டாலும் பாதகமில்லை, சட்டைப் பையில் உள்ள டெலிபோன் போதும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு படத்துக்குமேல் எடுப்பதில்லை என்று ஒரு சங்கல்பம் மட்டும் செய்துகொள்ளுங்கள். நமது பெட்டியில் இப்போது புதுச் சுருள் இருக்கிறது. அதில் நாலு படம் ஆயிற்று. இன்னும் எட்டு பாக்கி.